மெல்ல ஓடும் மும்பை

மும்பை நகரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அதன் விரைவைப் பற்றியே பேசுவர். மின்சார ரயிலுக்கு ஓடுகிறீர்கள், பேருந்துக்கு ஓடுகிறீர்கள், மாலையில் வீடு திரும்பவும் ஓடுகிறீர்கள் என்று, ஊருக்குச் செல்லும்போதெல்லாம் உறவினர் நம்மைப் பார்த்து நகைப்பதுண்டு. அது வயிற்றுக்காக ஓடும் ஓட்டம். இந்நகரில் வேறோர் ஓட்டமும் உண்டு. பொழுது புலருமுன், தெருவிளக்குகள் அணையாத வேளையில், வண்டி தவறிவிடும் என்ற அச்சமின்றி, ஆடவரும் பெண்டிரும் மெல்ல மெல்ல ஓடும் ஓட்டம் அது. அவர்களுள் நாற்பதைக் கடந்தவர் பலர். அறுபதைக் கடந்தவர் சிலர். பள்ளியை விட்ட நாள் முதல் ஒரு நாளும் ஓடியறியாதவரும் அக்கூட்டத்தில் உண்டு.

அத்தகைய புதியவர்களாக நாங்கள் 14 பேர், மழைக்காலம் ஓய்ந்த ஓர் அக்டோபர் மாதத்தில் இப்பயிற்சியைத் தொடங்கினோம். மாட்டுங்கா, சயான், தாராவி, வடாலா ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். செவ்வாயும் வியாழனும் ஐந்து தோட்டங்களில். ஞாயிறன்று சிவாஜி பூங்காவில். எங்களுக்கு அவ்விடங்களும் அங்குக் கண்ட மனிதர்களும் கற்பித்தவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து தோட்டங்கள்

மாட்டுங்காவுக்கும் தாதர் பார்சி குடியிருப்புக்கும் இடையே, தெருக்கள் கூடும் ஓரிடத்தைச் சுற்றி ஐந்து சிறு பூங்காக்கள் அமைந்துள்ளன. ‘ஃபைவ் கார்டன்ஸ்’ என்றால் அறியாதவர் இல்லை. இதன் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1896ஆம் ஆண்டில் பம்பாயைக் கொள்ளை நோய் தாக்கியது. நெருக்கமும் இருளும் மிக்க குடியிருப்புகளே நோய் பரவக் காரணம் என்று கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. நகரின் வடக்கே வெற்றிடமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் காற்றோட்டமான வீடுகளும் திறந்தவெளிகளும் அந்த அறக்கட்டளையின் திட்டத்தால் தோன்றின. பார்சி குடியிருப்பை உருவாக்கப் பாடுபட்ட பொறியாளர் மஞ்செர்ஜி ஜோஷியின் பெயரையே ஐந்து தோட்டங்கள் இன்று தாங்கி நிற்கின்றன. மக்கள் மூச்சு விடுவதற்கென்று வகுக்கப்பட்ட இடம் இது. மூச்சு வாங்க ஓடுவோருக்கும் இதுவே உகந்த இடமாயிற்று.

இந்தப் புதிய மாட்டுங்காவிலேதான் நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. கோயில்களும் பஜனை மடங்களும் உணவு விடுதிகளும் பெருகின. இன்றும் தெலங் சாலையில் காலையில் நடந்தால் மல்லிகைச் சரமும் வாழை இலையும் கறிவேப்பிலையும் மணக்கும். அக்காலத்து வீடுகள் பெரும்பாலும் மூன்று மாடிக் கட்டடங்கள். மின்தூக்கி இல்லாதவை பல. இளமையில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறியவர்கள், முதுமையில் காய்கறிப் பையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். எங்களோடு சேர்ந்தவர்களுள் ஒருவரான 52 வயது மாமி, ‘எனக்கு மராத்தான் எல்லாம் வேண்டாம், மூன்று மாடியை நிற்காமல் ஏறினால் போதும்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பகலெல்லாம் வீட்டில் தனியே இருப்பவர். ஒரே மகன் கடல் கடந்து வாழ்கிறான். நடக்கச் சொன்ன மருத்துவர், இயன்றால் மெல்ல ஓடவும் செய்யலாம் என்று கூறியிருந்தார்.

மற்றொருவர் தாராவியில் தையற்கூடம் நடத்துபவர். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவராகையால் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பகல் முழுதும் இயந்திரத்தின் முன் அமர்ந்து உடல் கனத்தவர். ஓடுவதைவிட, ஓடுவதைப் பிறர் பார்ப்பார்களே என்பதே அவருக்கு அச்சமாக இருந்தது. வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற 63 வயது பெரியவர் ஒருவரும் வந்தார். இருதயக் குழாயில் சிறு வலைக்குழல் பொருத்தப்பட்டவர். நடக்கலாம், இப்போதைக்கு ஓட வேண்டாம் என்பது அவருடைய மருத்துவரின் கட்டளை. ஆயினும் வீட்டில் இருக்க மனம் கொள்ளவில்லை. ‘ஒரு விசிலும் கைக்கடிகாரமும் என்னிடம் இருக்கின்றன, காலக்கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அன்றுமுதல் அவரே எங்கள் கணக்கர்.

ஒன்பது வாரக் கணக்கு

நாங்கள் மேற்கொண்ட முறை எங்கள் கண்டுபிடிப்பன்று. 1996இல் அமெரிக்க இளைஞரான ஜோஷ் கிளார்க் என்பவர், ஓடிப் பழகாத தம் தாயாரையும் ஓடச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். சோபாவை விட்டு எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவது என்று பொருள்படும் பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. வாரத்தில் மூன்று நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம். ஓடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு. இவ்வளவே விதி.

முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், 60 விநாடி ஓட வேண்டும். 90 விநாடி நடக்க வேண்டும். இப்படி மாறிமாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டமும் இரண்டு நிமிட நடையும். மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் வந்து சேர்கிறது. நான்காம் வாரத்தில் ஐந்து நிமிடம் வருகிறது. ஐந்தாம் வாரத்தில் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு முறை வருகிறது. அவ்வாரத்தின் இறுதி நாளில் நடையே இன்றி 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம்.

ஒரு நிமிடம் ஓடுவது பெரிதா என்று படிப்போர் எண்ணக்கூடும். ஓடாதவருக்குப் பெரிதுதான். முதல் செவ்வாயன்று ஆறாவது விசில் ஒலித்தபோது எங்களில் பாதிப்பேர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டோம். அப்போதுதான் முதல் பாடம் விளங்கிற்று. பழகாதவர் ஓடத் தொடங்கினால் பேருந்தைத் துரத்துவது போலவே ஓடுகிறார். வேறு வகையாக ஓட முடியும் என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஓடுபவரோடு இரண்டு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைத்தால், அதே நிமிடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

இத்திட்டம் மெல்லப் படியேறுவதற்கு உடலியல் காரணம் உண்டு. மூச்சும் இருதயமும் சில வாரங்களிலேயே புதிய உழைப்புக்குப் பழகிக்கொள்கின்றன. தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. ஆகவே மூச்சு இடங்கொடுக்கிறதே என்று அளவுக்கு மீறி ஓடியவர் முன்கால் எலும்பு நோவோடு வீட்டில் உட்காருவார். ஓய்வு நாள் வீண் நாள் அன்று. உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் நாள்.

ஆக்லாந்தில் ஒரு மலைச்சரிவு

முதியவரும் நோயுற்றவரும் கூடி மெல்ல ஓடும் இவ்வழக்கம் எங்கே வலுப்பெற்றது என்று தேடினால், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்சியாளர் இருந்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல், மர்ரே ஹால்பர்க் ஆகிய இருவரும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். வீரர்களுக்குக் கற்பித்த பொறுமையான ஓட்டத்தை நடுவயதுக்காரர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் அவர் அறுபதுகளின் தொடக்கத்தில் கற்பிக்கத் தொடங்கினார்.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மன் 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்றார். அப்போது அவருக்கு 51 வயது. லிடியார்டின் அழைப்பை ஏற்று ஒரு ஞாயிறு காலை அக்கூட்டத்தோடு ஓடினார். சிறிது தூரத்திலேயே மலைச்சரிவில் மூச்சுத் திணறிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்தவரும், இருதய நோயிலிருந்து மீண்டவருமான ஒரு கிழவர் அவரைக் கண்டு தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன் ஓடி, வழி காட்டி அழைத்துச் சென்றார். ஊர் திரும்பிய பவர்மன் தம் நகர மக்களைத் திரட்டி இப்பயிற்சியை நடத்தினார். 1967இல் மருத்துவர் ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து மெல்லோட்டம் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அமெரிக்க நாடு முழுவதும் நடுவயதினர் ஓடத் தொடங்கியதற்கு அந்நூல் ஒரு காரணமாயிற்று. அதற்கு வித்திட்டவர், பின்தங்கியவருக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்ட அந்தக் கிழவரே எனலாம்.

சிவாஜி பூங்காவில்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தாதரைக் கடந்து சிவாஜி பூங்காவுக்குச் செல்வோம். 1925இல் நகராட்சி மாஹிம் பூங்கா என்ற பெயரில் இதனைத் திறந்தது. நகராட்சி உறுப்பினராயிருந்த அவந்திகாபாய் கோகலேயின் முயற்சியால் 1927இல் சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 28 ஏக்கர் பரப்பு. தனி மகாராஷ்டிரம் கோரிய கிளர்ச்சிக் காலத்தில் பெருங்கூட்டங்கள் நிகழ்ந்த இடம் இது. சச்சின் டெண்டுல்கர், ரமாகாந்த் அச்ரேக்கரிடம் கிரிக்கெட் பயின்றதும் இம்மண்ணிலேதான். இன்றும் விடியுமுன்பே வெண்ணுடை அணிந்த சிறுவர்கள் தம்மைவிடப் பெரிய பைகளைத் தோளில் சுமந்து வருவதைக் காணலாம்.

திடலைச் சுற்றி இடுப்பளவுகூட இல்லாத தாழ்ந்த சுவர் ஒன்று ஓடுகிறது. ‘கட்டா’ என்பர் மராட்டியர். அதன் ஓரமாக உள்ள நடைபாதையின் சுற்றளவு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். நான்கு முறை சுற்றினால் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டாவின்மீது அமர்ந்து உலக நடப்பைப் பேசுவது தாதர் மக்களின் பரம்பரை உரிமை. அவர்கள் முன்னே ஓட வேண்டுமே என்றுதான் அண்ணாச்சி கலங்கினார். முதல் ஞாயிறன்று கூட்டத்தின் நடுவே மறைந்து ஓடினார்.

இரண்டாம் சுற்றில், கட்டாவில் அமர்ந்திருந்த ஒரு மராட்டியப் பெரியவர் கையை மேலிருந்து கீழாக அமர்த்திக் காட்டி, ‘ஹளூ ஹளூ’ என்றார். மெல்ல மெல்ல என்பது பொருள். அண்ணாச்சிக்கு மராட்டி நன்கு தெரியும். பரிகாசம் செய்கிறார் என்று எண்ணி முகம் சுருங்கினார். மூன்றாம் சுற்றிலும் அதே கை, அதே சொல். ஆனால் இம்முறை பெரியவர் எழுந்து நின்று, தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். தாமும் ஒருகாலத்தில் இங்கே ஓடியவர் என்றும், விரைந்து ஓடியே காலைக் கெடுத்துக்கொண்டவர் என்றும் பிறகு அறிந்தோம். அதுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் அவர் இருக்கும் இடம் வந்ததும் அண்ணாச்சியே முந்திக்கொண்டு, ‘ஹளூ ஹளூ, காகா!’ என்று குரல் கொடுப்பார். பார்வைக்கு அஞ்சியவர் பார்ப்பவரைத் தேடும் நிலைக்கு வந்தார்.

ஐந்து தோட்டங்களிலும் இப்படி ஒருவர் உண்டு. பலகையில் அமர்ந்து நாயைப் பிடித்திருக்கும் முதிய பார்சிப் பெண்மணி, எங்கள் 63 வயதுக் கணக்கரைப் பார்த்து, ‘சாபாஷ், தீக்ரா!’ என்பார். தீக்ரா என்றால் மகனே என்று பொருள். அறுபதுக்குப் பின் தம்மை மகனே என்று அழைக்க ஒருவர் கிடைத்தாரே என்று அவர் அன்று முழுதும் மகிழ்ந்திருந்தார்.

ஐந்தாம் வாரம்

இத்திட்டத்தைக் கைவிட்டவர்களைக் கேட்டால், ஐந்தாம் வாரத்தைச் சொல்வோர் பலர். எட்டு நிமிடத்திலிருந்து 20 நிமிடத்துக்குத் தாவ வேண்டியிருப்பதால் காகிதத்தில் அதைப் படிக்கும்போதே கால் தளர்கிறது. எங்களிலும் அப்போதுதான் பிளவு தோன்றிற்று. கணினித் துறையில் பணிபுரியும் இளந்தம்பதியர் உள்ளிட்ட ஆறு பேர் 20 நிமிடத்தை முடித்தனர். மற்றவர்களால் இயலவில்லை. மாமி ஏழாம் நிமிடத்திலேயே நின்றுவிட்டார். அடுத்த செவ்வாயன்று அவர் ஓட்டக் காலணியின்றிச் செருப்போடு வந்தார்.

‘என்னால எல்லாருக்கும் தாமதம். நான் இனிமே நடக்க மட்டும் வரேன்’ என்றார்.

எவரும் உடனே விடை கூறவில்லை. அண்ணாச்சிதான் வாய் திறந்தார்: ‘மாமி, நீங்க ஓடலன்னா கடைசி ஆளு நானாத்தான் இருப்பேன். எனக்காகவாவது ஓடுங்க.’

எல்லோரும் சிரித்தோம், மாமியும் சிரித்தார். ஆனால் சிரிப்பு மட்டும் ஒருவரை ஓட வைக்காது. அன்று கணக்கர் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். நம் கணக்கு தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடியவர் எவ்வளவு தூரம் ஓடினாலும் பத்து நிமிட உழைப்பையே செய்திருக்கிறார். அப்படியிருக்க யார் யாருக்குத் தாமதம் என்று கேட்டார். இனி ஒவ்வொரு விசிலுக்கும் முன்னே இருப்பவர்கள் திரும்பிப் பின்னே வருபவரை நோக்கி வரவேண்டும். அவரையும் கடந்து அவருக்குப் பின்னால் சென்று மறுபடி திரும்ப வேண்டும் என்றார்.

இந்தச் சிறு மாற்றம் செய்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. விரைந்து ஓடுவோருக்கு ஓட்டம் குறையவில்லை. மெல்ல ஓடுவோர் தனித்து விடப்படவில்லை. ஒவ்வொரு விசிலின்போதும் கடைசியில் இருந்த மாமி கூட்டத்தின் நடுவே இருந்தார். எதிரே வந்தவர்கள் முகம் பார்த்துச் சிரித்துச் சென்றனர். முதுகுகளையே பார்த்து ஓடியவருக்கு முகங்கள் கிடைத்தன.

மாமி நான்காம் வாரத்தை மீண்டும் ஒருமுறை செய்தார். ஐந்தாம் வாரத்தை மூன்று முறை செய்தார். எட்டு நிமிடத்தை இரண்டு வாரம் பிடித்துக்கொண்டு, பிறகு பத்து, பிறகு பதினான்கு என்று தம் போக்கில் ஏறினார். ஒன்பது வாரத் திட்டம் அவருக்குப் பதின்மூன்று வாரமாயிற்று. அதில் குறையொன்றுமில்லை. வாரங்களின் எண்ணிக்கை திட்டம் வகுத்தவரின் மதிப்பீடு. உடலின் கணக்கு வேறு.

எது ஊக்கம்?

இப்பயிற்சியின் வாயிலாக ஊக்கம் என்ற சொல்லைப் பற்றி நாங்கள் சிந்திக்கலானோம். நம்மவர் ஊக்கம் கொடுப்பதில் வள்ளல்கள். ஆயினும் நல்லெண்ணத்தோடு கூறும் சொற்கள் எல்லாம் நன்மை பயப்பதில்லை.

‘இன்னும் கொஞ்சம், விடாதே!’ என்பது போட்டிக்களத்தில் வீரனுக்குப் பொருந்தும். முன்காலில் வலி தோன்றியும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் ஓடுகிற புதியவரிடம் கூறினால் அது அவரைப் படுக்கையில் தள்ளும். ‘என் மைத்துனர் எழுபது வயதில் 42 கிலோமீட்டர் ஓடுகிறார்’ என்பதும் ஊக்கமன்று. கேட்பவர் மனத்தில் மைத்துனர் உயர்வார், தாம் தாழ்வார். ‘இது மிகவும் எளிது’ என்பது எல்லாவற்றிலும் தீயது. எளிதானதையே தம்மால் செய்ய இயலவில்லையே என்ற எண்ணம் புதியவரைக் குன்றச் செய்கிறது.

மாறாக, நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொல்வது பெரும்பயன் தருகிறது. ‘முதல் நாள் ஒரு நிமிடத்தில் நின்றீர்கள், இன்று ஐந்து நிமிடம் ஓடினீர்கள்’ என்பதில் புகழ்ச்சி எதுவுமில்லை. மறுக்க முடியாத கணக்கு அது. கணக்கர் தம் சிறு குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாளும் நிமிடமும் மட்டும் எழுதி வந்தார். எவர் பக்கத்தையும் எவரோடும் ஒப்பிட்டதில்லை. மனம் சோர்ந்தவர் வந்து கேட்டால், அவருடைய முதல் வரியையும் கடைசி வரியையும் காட்டுவார்.

வராதவரிடம் பேசும் முறையும் ஒரு கலையே. ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் காரணம் சொல்லும் சுமை அவர்மேல் விழுகிறது. ‘வியாழனன்று 5:45க்கு உங்கள் வாயிலில் நிற்போம்’ என்றால் சுமை நம்மேல் விழுகிறது. கீழே இருவர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் போர்வைக்குள் புதைந்துகொள்ள நம்மில் எவருக்கும் மனம் வராது. அதே வேளையில், உடல் நலமில்லாதவரைப் படுக்க விடுவதும் ஊக்கத்தின் பகுதியே. ஓட வேண்டாம் என்ற மருத்துவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விசிலோடு நின்ற கணக்கரை, ஓடுமாறு எங்களில் எவரும் ஒருபோதும் வற்புறுத்தவில்லை.

14 பேரில் ஒன்பது பேர் 30 நிமிட ஓட்டத்தை எட்டினோம். இருவர் நடப்பதே தமக்கு ஏற்றது என்று தேர்ந்து இன்றளவும் எங்களோடு நடக்கின்றனர். ஒருவர் பணி மாற்றலாகிப் புனேவுக்குச் சென்றார். மற்றொருவர் இல்லப் பொறுப்புகளால் வர இயலாதவரானார். கணக்கர் கணக்கரே. மாமியின் மாத்திரைகள் குறைந்துவிட்டன என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். மருத்துவர் அவற்றைக் குறைக்கவில்லை. ஆனால் டிசம்பர் மாத இறுதியில் ஒரு நாள், தெலங் சாலையில் வாங்கிய காய்கறிப் பையோடு மூன்றாம் மாடி வாயிலில் நின்றபோதுதான், இரண்டாம் மாடித் திருப்பத்தில் தாம் நிற்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததாக அவர் கூறினார்.

கடற்கரைச் சாலையும் ஜனவரி ஞாயிறும்

நகரத்தின் ஓட்டம் முழுமையாகக் காட்சி தருவது மரீன் டிரைவில். நாரிமன் முனையிலிருந்து சௌபாத்தியைத் தாண்டி மலபார் குன்றின் அடிவாரம் வரை, பிறைபோல் வளைந்து ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் செல்லும் சாலை இது. ஒருபுறம் கடல், மறுபுறம் 1930களிலும் 40களிலும் எழுந்த மாளிகைகள். அக்கட்டடக்கலைக்காக இப்பகுதி 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. குளிர்கால விடியலில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மென்காற்று வீசும். வளைவான சாலையாதலால் சேர வேண்டிய முனை எப்போதும் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். புதியவருக்கு அது துணையும் ஆகும், தொல்லையும் ஆகும். விளக்கை விளக்காக எண்ணி ஓடினால் துணை. முனையையே பார்த்து ஓடினால் தொல்லை.

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மும்பை மராத்தான் முதன்முதலில் நடைபெற்றது. பின்னர் அது ஜனவரி மாதத்துக்கு உரியதாயிற்று. பெருந்தொற்றின் காரணமாக இடையில் தடைப்பட்டு 2023இல் மீண்டும் தொடங்கியது. சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்தின் முன்னே தொடங்கும் 42 கிலோமீட்டர் ஓட்டம் நமக்கு எட்டாத உயரம். ஆனால் அதே நாளில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் கொண்ட கனவு ஓட்டமும் உண்டு. வெற்றி தோல்வி அதில் இல்லை.

அந்த ஞாயிறன்று பெடர் சாலை மேட்டில் நின்று பார்க்க வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்து வருவோருக்கு அந்த ஏற்றம் மலையாகத் தோன்றும். அங்குள்ள குடும்பத்தினர் வீட்டை விட்டு வெளியே வந்து நிற்பர். ஆரஞ்சுச் சுளை, வாழைப்பழத் துண்டு, உப்பு, பிஸ்கட்டு ஆகியவற்றைத் தட்டில் ஏந்திக் குழந்தைகள் நீட்டுவர். ஓடுவோரின் மார்பில் உள்ள அட்டையில் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பெயர் சொல்லி அழைப்பர். நம் நீண்ட தமிழ்ப் பெயர்கள் அவர்கள் நாவில் பாதியில் முறியும். முறிந்தாலும் அழைக்கப்பட்டவர் நிமிர்ந்து ஓடுவார். உறவுமில்லை, மொழியுமில்லை, விரைவுக்குப் பெயர்போன இந்நகரம் அந்த ஒரு காலையில் மட்டும் பிறர் மெல்ல ஓடுவதைப் பார்க்க நின்று கொண்டிருக்கிறது.

பிற நகரத்து அன்பர்களுக்கு

தில்லியில் வாழ்வோருக்கு லோதி பூங்கா இருக்கிறது. 90 ஏக்கர் பரப்பில் பழைய சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றி நல்ல பாதைகள் உண்டு. ஆயினும் குளிர்காலப் புகைமூட்டம் கடுமையான நாள்களில் வெளியே ஓடாதிருப்பதே அறிவுடைமை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டு அருகே வாழும் நம்மவருக்கு ரவீந்திர சரோவர் ஏரிக்கரை கூப்பிடு தூரத்தில் உள்ளது. பெங்களூரில் கப்பன் பூங்கா உண்டு. மும்பையில் மழைக்காலம் ஓய்ந்தவுடன் வரும் அக்டோபர் வெப்பம் கடுமையானது. ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடுதல் நலம்.

தொடங்குமுன் சில செய்திகளை நினைவிற் கொள்க. நாற்பதைக் கடந்தவரும், இருதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உடையவரும் மருத்துவரைக் கண்டு ஒப்புதல் பெற்ற பின்பே ஓட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் சிறிது சர்க்கரை அல்லது குளுகோசு கையில் வைத்திருக்க வேண்டும். மார்பில் வலியோ இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி நாட வேண்டும். அப்போது ஊக்கத்துக்கு இடமில்லை. காலுக்கு அளவான ஓட்டக் காலணி ஒன்றே செலவு. புடவையில் வருவோரும் சுரிதாரில் வருவோரும் எங்களிடையே உண்டு. உடையைக் காரணமாகக் கொண்டு எவரும் தயங்க வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்போ வேண்டும். வாரம் மூன்று நாள் அரைமணி என்பது அந்த அளவுக்கு இட்டுச்செல்லும் நல்ல தொடக்கமாகும்.

தனியே தொடங்குவோரைவிட நால்வர் கூடித் தொடங்குவோர் நெடுநாள் நிலைக்கின்றனர் என்பது எங்கள் அனுபவம். அந்த நால்வரில் ஒருவர் விசில் வைத்துக்கொள்ளட்டும். ஓட இயலாதவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவருக்கும் ஒரு பணி இருக்கும். அடுத்த குழு மழை ஓய்ந்ததும் ஐந்து தோட்டங்களில் தொடங்குகிறது. முதல் வாரத்தில் புதியவர்களோடு கடைசியில் ஓடும் பொறுப்பை மாமியும் அண்ணாச்சியும் ஏற்றிருக்கின்றனர். பிற நகரங்களில் தொடங்கும் அன்பர்கள் தங்கள் ஐந்தாம் வாரம் எப்படிக் கழிந்தது என்பதை எழுதியனுப்பினால், இவ்விதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.